ஏழாம் அத்தியாயத்தை வெட்டாதே

பாப்பா,

நீ எழுதி அனுப்பிய நாவலின் 12 அத்தியாயங்களையும் படித்து முடித்துவிட்டேன். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படித்ததில் நாலு நாள் ஆகிவிட்டது. உன் அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கூப்பிட்டுச் சொல்லலாம்தான், ஆனால் பாதியிலேயே நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய்.

உன் சிநேகிதி சொன்னதாக எழுதியிருந்தாயே, அக்காவுக்கு வரன் பார்ப்பது, சித்தப்பாவின் நிலத்தகராறு, அந்த ஏழாம் அத்தியாயத்து அப்பா, இதையெல்லாம் குறைத்துவிட்டுப் பையனை இரண்டாம் அத்தியாயத்திலேயே கொண்டுவந்துவிடு, பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள் காதலுக்காகத்தான் படிக்கிறார்கள் என்று. விவரமான பெண்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் புத்தகத்தை வாடகைக்கு விட்டுப் பார்த்ததில்லை. நான் 1988-இல் இருந்து 2011 வரைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

புத்தகம் திரும்பி வந்ததும் ஒரு தடவை முழுக்கப் புரட்டிவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன், உனக்கு ஞாபகம் இருக்கும். கிழிந்திருந்தால் முன்பணத்தில் பிடிக்க வேண்டுமே, அதற்காக ஆரம்பித்த பழக்கம். போகப்போக எனக்கு வேறொன்று பிடிபட்டது. காதல் பக்கங்களெல்லாம் சுத்தமாக இருக்கும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, கை கழுவிவிட்டு, தனியாக உட்கார்ந்து படித்த பக்கங்கள் அவை என்று நானாகவே நினைத்துக்கொள்வேன். மஞ்சள் விரல், எண்ணெய்ப் பிசுக்கு, குழம்புத் துளி எல்லாம் குடும்பச் சண்டைப் பக்கங்களில்தான். கீழே வைக்க மனசு வராமல் அடுப்படி வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு மாத நாவலில், மாமியார் மருமகளின் வளையலைக் கேட்டு வாங்குகிற இடத்தில், ஓரத்தில் பென்சிலால் "கொடுக்காதே" என்று எழுதியிருந்தது. சில மாதம் கழித்து அதே புத்தகம் திரும்பி வந்தபோது அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் "நானும் கொடுத்தேன்" என்று இருந்தது. புத்தகத்தில் கிறுக்கினால் அபராதம் என்று நானே அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு ரப்பரை எடுக்கக் கை வரவில்லை.

ரமணிசந்திரன் புத்தகங்களை நாலு நாலு பிரதி வாங்கி வைத்தும் அலமாரியில் தங்காது. காலேஜ் பெண்கள் "ஹீரோ எப்படி அங்கிள்?" என்றுதான் கேட்டு எடுப்பார்கள். திருப்பிக் கொடுக்க வரும்போது ஹீரோவைப் பற்றிப் பேச்சே இருக்காது. அந்தச் சித்தி செய்தது அநியாயம், தம்பி படிப்புக்கு இவள் எதற்கு நகையைக் கழற்றினாள் என்று கல்லாவுக்கு முன்னாலேயே பஞ்சாயத்து நடக்கும். பெண்கள் படிக்கிற குடும்பக் கதை என்று மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் வாத்தியார், எழுத்தாளர் 'லட்சுமி'க்கு 1984-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்த நாவல் மட்டும் இருக்கிறதா என்று ஒருநாள் விசாரித்து வாங்கிப் போனார். அடுத்த வாரமே அந்த அம்மாள் எழுதியதில் வேறென்ன இருக்கிறது என்று வந்து நின்றார்.

அதெல்லாம் பழைய காலம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேறு என்று நீ சொல்வாய் என்பதால் உன் அலமாரியிலிருந்தே ஒன்றை எடுத்துப் படித்தேன். ஜென்னி ஹான் எழுதிய அந்தக் கடிதக் கதை, 2014-இல் வந்தது, நெட்ஃப்ளிக்ஸில் படமாகக்கூட வந்ததே, அதுதான். என் இங்கிலீஷுக்கு 11 நாள் பிடித்தது. லாரா ஜீன் என்கிற 16 வயசுப் பெண் தான் ஆசைப்பட்ட பையன்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கடிதம் எழுதி, அனுப்பாமல், செத்துப்போன அம்மா கொடுத்த தொப்பிப் பெட்டிக்குள் போட்டு வைக்கிறாள். ஒருநாள் அத்தனையும் தபாலில் போய்விடுகிறது. இதை ஒரு காதல் கதை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? சரி, கதை எங்கிருந்து கிளம்புகிறது என்று பார். கடிதங்களை அனுப்பியது யார்? கோபத்தில் இருந்த தங்கச்சி. கடிதம் போனவர்களில் ஒருத்தனான பீட்டரோடு பொய்யாகக் காதலிப்பதுபோல் நடிக்க இவள் ஏன் ஒத்துக்கொள்கிறாள்? கடிதம் போன இன்னொருத்தன் அக்காவை விரும்பியவன், அக்கா ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போகும் முன் அவனை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அவன்மேல் தனக்கு ஒன்றும் இல்லை என்று இவள் காட்டியாக வேண்டும். அந்தப் பீட்டர் கதைக்குள் வருவதே அக்கா தங்கச்சி விவகாரத்தைப் பிடித்துக்கொண்டுதான். குடும்பத்தை எடுத்துவிட்டால் அவனுக்கு அங்கே வேலையே இல்லை.

எனக்குத் தொண்டை அடைத்த இடமும் பீட்டர் வருகிற இடம் இல்லை. அம்மா இல்லாத வீட்டை அதுவரை தாங்கிக்கொண்டிருந்த அக்கா மார்கோ விமானம் ஏறிவிடுகிறாள், அவள் பார்த்த வேலையெல்லாம் நடுப்பிள்ளை தலையில் விழுகிறது, அவளுக்கோ ஒன்றும் பிடிபடவில்லை. உன் அக்கா கல்யாணமாகிப் போன பிறகு அவளுடைய பல் துலக்கும் பிரஷ் எட்டு மாதம் அந்த எவர்சில்வர் டம்ளரிலேயே நின்றதே, நீயும் எடுக்கவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை. எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் தோன்றியது. நம் பழைய நாவல்களில் கதாநாயகி பெரும்பாலும் கல்யாணமானவள், புருஷனோடு சண்டை என்றால் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். 16 வயசுப் பெண் எங்கே போவாள்? அவள் இருப்பதே அம்மா வீடு. பகலில் எவனைப் பார்த்துச் சிரித்தாலும் ராத்திரி அதே சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாக வேண்டும், என்னடி முகம் ஒரு மாதிரி இருக்கு என்று யாராவது கேட்பார்கள், பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் தெரிந்துவிடுமோ என்கிற அந்தப் படபடப்பு இல்லாவிட்டால் அவன் கையைப் பிடித்தான் என்று நீ பத்துப் பக்கம் எழுதினாலும் ஒன்றும் ஆகாது.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளில் அம்மாவைச் சாகடிப்பது ரொம்ப சௌகரியமான ஏற்பாடாகிவிட்டது. கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆள் இல்லையே, பெண் பாட்டுக்குப் போகலாம், வரலாம். லாரா ஜீனுக்காவது அந்த இழப்பு கதை முழுக்கக் கூடவே வருகிறது. நீ முதல் பக்கத்திலேயே அம்மாவுக்கு மாலை போட்டுவிட்டு அப்புறம் மறந்தே போய்விட்டாய். உன் அம்மாவிடம் காட்டாததற்குக் காரணம் இதுதான். கதையில் வருகிற அம்மாவை உயிரோடு கொண்டுவந்து நடத்திப் பார், கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் உன் கதாநாயகி மொட்டை மாடிக்குப் போன் எடுத்துக்கொண்டு போகிற ஒவ்வொரு தடவையும் படிக்கிறவளுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பையன் கடைசியில் வந்து கடனையெல்லாம் அடைக்கப்போகிறான் என்றால் அதையும் இப்போதே விட்டுவிடு. அப்படி அடைத்த ஹீரோக்களை நான் அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கிறேன்.

ஏழாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். ராத்திரி கல்லாவில் சில்லறையை எண்ணியபடியே "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்கிற அப்பா, பெரியவள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனைச் சொல்லிச் சின்னவளின் காலேஜைத் தள்ளிப்போடுகிற அப்பா. இவர் யார் என்று எனக்குத் தெரியாதா? ஒரு வருஷம் நீ வீட்டில் இருந்ததைப் பற்றி நாம் இன்று வரை பேசியதில்லை. நேரில் கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அதில் அந்தப் பெண் அழாமல், அப்பா அடுக்கி வைத்த ஒரு ரூபாய்க் காசுகளைக் கலைத்துவிட்டு எழுந்து போகிறாளே, நீ அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. செய்திருக்கலாம்.

வெட்டாதே. சிநேகிதியிடம் நான் சொன்னேன் என்று சொல்.

ஒரே ஒரு திருத்தம். கடைசியில் பெண் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் அப்பா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். சைக்கிள் இல்லை, டிவிஎஸ் 50. சீட்டு கிழிந்து, அம்மாவின் பழைய புடவையைச் சுற்றியிருக்கும். மாற்றிவிடு.

அப்பா