விமானம் பறக்கும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

களியக்காவிளையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு, எல்லோருக்கும் திருவனந்தபுரம் விமான நிலையம்தான் பக்கம். அங்கிருந்து துபாய் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர், பறக்கும் நேரம் சுமார் 4 மணி. சென்னைக்கு ரயிலில் போக எங்களுக்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும், துபாய் அதைவிடச் சீக்கிரம்!

ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் காலை 10 மணிக்குக் கிளம்பி 12.30-க்கே இறங்குவதுபோல இருக்கும், திரும்பும்போது அதே தூரத்துக்கு ஐந்தரை மணி நேரம் ஆவதுபோலத் தெரியும். துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், அவ்வளவுதான். உண்மையில் குளிர்காலத்தில் திரும்பி வருவதுதான் கொஞ்சம் சீக்கிரம், ஏனென்றால் மேலே மேற்கிலிருந்து வீசும் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும்.

போன மாதம் என் அக்கா மகன் "ராத்திரி 10 மணிக்கு ஏறுகிறேன்" என்று சொல்ல, அக்கா அதோடு நாலு மணி நேரம் கூட்டி, இரண்டு மணிக்கே போய் நின்றுவிட்டார். விமானம் இறங்கியபோது நம் நேரம் மூன்றரை. வயதானவர், கொசுக்கடியில் ஒன்றரை மணி நேரம், என்ன ஆயிற்றோ என்ற பயம் வேறு.

அதனால் விமான நேர அட்டவணை வெளியிடும்போது, எந்த ஊர் நேரம் என்பதையும் பறக்கும் நேரத்தையும் தனியாக ஒரு வரி போடுங்கள். சரி, இடம் குறைவுதான், தெரியும். ஆனாலும் போடுங்கள்.