தூரத்தோடு ஏற்றத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதுகுப்பையைச் சுமந்துகொண்டு மலைப்பாதைகளில் இரண்டு மூன்று நாட்கள் நடக்கும் பயணங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதிவருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அக்கட்டுரைகளில் பெரும்பாலானவை பாதையின் நீளத்தையும் அழகையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. எவ்வளவு உயரம் ஏற வேண்டும், எவ்வளவு எடை சுமக்க வேண்டும், அதற்கு உடம்பை எப்படிப் பழக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. முதன்முறை கிளம்புகிறவர்களுடன் சேர்ந்து நடந்து பழகியவன் என்ற முறையில், அவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி, சமதரையில் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் 12 கிலோமீட்டர், நடுவில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். இது நடந்து பழகியவர்களுக்கான, ஓய்வு நேரம் சேராத கணக்கு. வெறும் ‘12 கிலோமீட்டர்’ என்று படித்துவிட்டு வருகிறவர் மதியத்திலேயே சோர்ந்து உட்கார்ந்துவிடுவதில் வியப்பில்லை.

ஏற்றத்தையாவது எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். இறக்கத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் தணிந்துவிடும். இறங்கும்போதோ தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே உடம்பின் எடையையும் பையின் எடையையும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வகை உழைப்பே தசை இழைகளை அதிகம் நோகடிக்கிறது. வலி அன்றைக்குத் தெரியாமல் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உச்சத்துக்கு வருகிறது. நாள்தோறும் ஓடிப் பழகி நல்ல மூச்சுப் பலத்தோடு வருகிறவர்களுக்கும் இறக்கத்தில் தொடை நடுங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆறுதலான செய்தி, ஒருமுறை இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அந்த வலியிலிருந்து பெரிதும் தப்பிவிடுகிறது என்பது. ஆகவே பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, எடை ஏற்றிய அதே பையோடு மாடிப்படிகளில் ஏறி இறங்குவதைவிட எளிய தயாரிப்பு வேறில்லை.

சுமைக்கு வருவோம். பல நாள் நடைக்குப் பையின் மொத்த எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 12 கிலோ. மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்தாலே அதில் கால்பங்கு போய்விடுகிறது. ‘இருக்கட்டுமே’ என்று கடைசி நேரத்தில் திணிக்கும் பொருள்கள்தான் மிச்சத்தை விழுங்குகின்றன. கிளம்புவதற்கு முன் பையைத் தராசில் நிறுத்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

பையைச் சரியாக மாட்டத் தெரிவதும் அதே அளவு முக்கியம். பையின் தோள்வார்களை முதலில் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் பொருத்தி இறுக்கியபின், தோள்வார்களைப் பை முதுகோடு ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுத்துவிட வேண்டும். பலர் இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் கட்டிக்கொள்கிறார்கள். அதனால் சுமை முழுவதும் தோளில் தொங்கி, சிறிது நேரத்திலேயே கழுத்து கடுக்கத் தொடங்குகிறது. எவ்வளவு விலையுயர்ந்த பை வாங்கினாலும் இதை மாற்ற முடியாது. 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது அமெரிக்கப் பெண்மணி, தோளில் ஒரு துணிப்பையும் காலில் கான்வாஸ் காலணியுமாக அப்பலாச்சியன் நெடும்பாதையின் 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைத் தனியே நடந்து முடித்தார். அவருக்குக் கைகொடுத்தது விலையுயர்ந்த பை அல்ல, பண்ணை வேலையில் உரமேறிய உடம்பு.

காலணி விஷயத்தில் மட்டும் சிக்கனமும் அவசரமும் கூடாது. நடக்க நடக்கப் பாதம் வீங்கும். இறக்கத்தில் விரல்கள் முன்னால் சென்று இடிக்கும். எனவே முன்பக்கம் சற்று இடம் வேண்டும். குதிகால் அசையக் கூடாது. பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைத்துத் தோலை ஊறவைப்பதால் கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறையே நல்லது. குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று, காலுறையைக் கழற்றி, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் கொப்புளம் பெரும்பாலும் வராது. தன்னால் குழு தாமதமாகிறதே என்ற கூச்சத்தில் புதியவர்கள் வாய் திறப்பதில்லை. வாய் திறக்கும்போது தோல் உரிந்திருக்கும். மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் குழுவை நடத்துவது அழைத்துச் செல்கிறவர்களின் கடமை.

எனவே, இனி வெளியிடும் ஒவ்வொரு பயணக் கட்டுரையின் அருகிலும் மொத்த ஏற்றம், மிக நீண்ட இறக்கம், தண்ணீர் கிடைக்கும் இடங்கள், எழுதியவர் சுமந்த எடை ஆகிய நான்கையும் ஒரு சிறு பெட்டியில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்கட்டுரைகள் பயணப் பருவம் தொடங்கிய பிறகு வராமல் ஒன்றிரண்டு மாதங்கள் முன்பே வந்தால், படிப்பவர்களுக்கு உடம்பைத் தயார்படுத்திக்கொள்ள நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்