முறுக்கு எந்தப் பக்கம்?

கோவை,
ஆனி மாதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. பல்லடத்தில் கேட்கவே வேண்டாம்.

நூற்பாலைக்காரன் கேட்கிற கேள்வியாகவே கேட்டிருக்கிறாய்: கண்ணுக்கே தெரியாத ஆர்.என்.ஏ. இழையின் முறுக்கு எந்தப் பக்கம், அதை எதை வைத்துச் சொல்கிறாய் என்று. ஒளியை வைத்துத்தான். வலமாகச் சுழலும் ஒளியையும் இடமாகச் சுழலும் ஒளியையும் முறுக்குள்ள மூலக்கூறு ஒரே அளவில் உறிஞ்சாது. அந்த வேறுபாட்டை அலைநீளவாரியாக வரைந்தால் கிடைப்பதே சி.டி. (சர்க்குலர் டைக்ரோயிசம்) நிறமாலை.

என் கையில் இருப்பது செயற்கையாகத் தொகுத்த, 12 கார இணைகள் (இரு இழைகளையும் ஏணிப்படிபோல் இணைப்பவை) மட்டுமே கொண்ட இரட்டை இழை. இரட்டை இழை ஆர்.என்.ஏ. வழக்கமாக எடுக்கும் ஏ-வடிவச் சுருளில் சுற்றுக்குச் சுமார் 11 இணைகள், டி.என்.ஏ. வழக்கமாக எடுக்கும் பி-வடிவத்தில் சுமார் 10.5. ரைபோஸ் சர்க்கரையில் கூடுதலாக ஒட்டியிருக்கும் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு சர்க்கரை வளையத்தை வேறு விதமாக மடக்கி, சுருளையே குட்டையாகவும் பருமனாகவும் ஆக்கிவிடுகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நிறமாலையில் 265 நானோமீட்டர் அருகே மேடு, 210 அருகே ஆழமான பள்ளம்: இதுதான் ஏ-வடிவத்தின் அடையாளம். மேட்டைக் கண்டதும் மாணவர்கள் ஏ-வடிவம்தான் என்று முடிவு எழுதிவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குவானின் என்ற காரம் மிகுந்த இழை பொட்டாசியம் கரைசலில் நான்கிழைக் கட்டாக மடங்கினாலும் ஏறத்தாழ அதே இடத்தில் மேடு வரும், பள்ளம் மட்டும் 240 அருகே இருக்கும். ஆகவே பள்ளத்தையும் பார்க்க வேண்டும், சூடாக்கியும் பார்க்க வேண்டும். வெப்பம் ஏறி இரட்டை இழை பிரியும்போது 260-இல் உறிஞ்சுதல் கூடும். நான்கிழைக் கட்டு பிரிந்தால் 295-இல் குறையும்.

210 அருகே வரும் அந்தப் பள்ளத்தைத் தெளிவாகப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அலைநீளம் குறையக் குறையக் குளோரைடு உப்பே ஒளியை விழுங்கும் என்பதால் ஃபுளோரைடு போட்டு, 1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் கலத்தில் அளக்கிறோம். கருவிக்குள் நைட்ரஜனை ஓடவிட்ட பிறகே அதன் செனான் விளக்கை ஏற்றுவோம். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ஆக்சிஜன் ஓசோனாகி ஆடிகளைக் கெடுத்துவிடும்.

முறுக்கு எந்தப் பக்கம் என்றாயே, இயல்பில் வலப்பக்கம். சைட்டோசின் என்ற இன்னொரு காரமும் குவானினும் மாறி மாறி வரும் ஆர்.என்.ஏ. மிகச் செறிவான உப்பில் இடப்பக்கம் திரும்பும் என்று 1984-இல் காட்டினார்கள். அடுத்து அதைத்தான் அளக்கப்போகிறேன். ஆடி நோம்பிக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்கு, வலம், இடம் இரண்டின் நிறமாலைப் படங்களையும் அருகருகே வைத்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
செந்தில்