வளைவு எந்தப் பக்கம் என்று பார்த்தவர்களுக்கு

என் மகளுக்கு ஆறு வயது. இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். பிறக்கும்போதே இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு வளைந்திருந்தது. அந்த எலும்பு இன்று வரை ஒரு முறைகூட முறியவில்லை. அதற்குக் காரணமானவர்களுக்கு நேரில் நன்றி சொல்லப் போனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் நர்சம்மாவுக்கு. பிறந்த உடனே நாங்கள் காட்டிய மருத்துவர், "எல்லாக் குழந்தைக்கும் கால் வளைந்துதான் இருக்கும், நடக்க ஆரம்பித்தால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். வீட்டிலும் எண்ணெய் தேய்த்துத் தினமும் வளைந்த காலை உருவிவிட்டுக்கொண்டிருந்தோம். மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போன அன்று, ஊசி போடத் தொடையைப் பிடித்த நர்சம்மா அப்படியே நிறுத்திவிட்டார். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "ரெண்டு காலும் ஒரே மாதிரி வளைஞ்சிருந்தா நானே பேசாம இருப்பேன். ஒரு கால் மட்டும், அதுவும் கெண்டைக்கால்ல. உருவுறத இன்னையோட நிறுத்துங்க" என்றார். முதுகிலும் இடுப்பிலும் இருந்த காபி நிறத் திட்டுகளையும் அவர்தான் எண்ணினார். ஏழு. நாங்கள் அவற்றை மச்சம் என்று நினைத்திருந்தோம்.

மதுரையில் எங்களைப் பார்த்த எலும்பு டாக்டரம்மாவுக்கு அடுத்த நன்றி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துவிட்டு, ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் மூன்று கால்களை வரைந்து காட்டினார். வளைவு பின்னாலும் உள்பக்கமுமாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில் தானாகவே வெகுவாக நிமிர்ந்துவிடும்; கால் கொஞ்சம் குட்டையாக நிற்கும், அதைத்தான் கவனிக்க வேண்டும். முன்னாலும் உள்பக்கமுமாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பு குறையாகவோ இல்லாமலோ இருக்கலாம். முன்னாலும் வெளிப்பக்கமுமாக இருந்தால்தான் பயப்பட வேண்டும். அந்த எலும்பு எளிதில் முறியும். முறிந்தால் சாதாரண முறிவு போல ஒன்றுசேராது, அந்த இடம் மூட்டு மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அப்புறம் உள்ளே கம்பி, வெளியே எலும்பைப் பிடித்து வைக்கக் காலைச் சுற்றி மாட்டும் இலிசரோவ் வளையம் என்று அறுவை சிகிச்சைகள். ஒன்றுசேர்ந்த எலும்பும் மறுபடி முறியலாம். என் மகளுடையது மூன்றாவது படம்.

அந்தச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வளைவு என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வித்தியாசம் இருக்கிறது என்று அதற்கு முன் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

டாக்டரம்மா, நீங்கள் செய்த இன்னொன்றை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் கிரகணத்தன்று வெளியே போனதால்தான் குழந்தைக்கு இப்படி ஆனது என்று வீட்டில் பேச்சு இருந்தது. அத்தையை உள்ளே அழைத்து உட்கார வைத்தீர்கள். இந்தத் திட்டுகளும் வளைவும் சேர்ந்து வரும் நோய்க்கு நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் என்று பெயர், மரபணுவில் வரும் மாற்றம் அது, பாதிப் பேருக்குத் தாய் தகப்பன் யாரிடமும் இல்லாமல் புதிதாகவே வரும் என்று நிதானமாகச் சொன்னீர்கள். என்னையும் என் கணவரையும் பரிசோதித்துவிட்டு, "உங்க மருமக எந்தத் தப்பும் பண்ணல" என்றீர்கள். அன்று பேருந்தில் திரும்பும்போது அத்தை குழந்தையை என்னிடம் கொடுக்கவே இல்லை. இன்று வருடாவருடம் கண் பரிசோதனைக்குத் தேதி நினைவூட்டுவதும் அத்தைதான். உங்களுக்கும் நன்றி, அத்தை.

அவள் காலுக்குக் கவசம் செய்துதரும் அண்ணனுக்கு எப்படிச் சொல்வது? மாவுக்கட்டு போட்டு அச்செடுக்கும்போது இவள் அலறுவாள். நீங்கள் விசிலடித்துக்கொண்டே வேலையை முடிப்பீர்கள். சிப்பி மாதிரி முன்பாதி, பின்பாதி; நடுவில் கால். இது வளைவை நிமிர்த்தாது, முறியாமல் காக்கும், வளர்ந்து முடியும்வரை போட வேண்டும் என்று முதல் நாளே உண்மையைச் சொன்னீர்கள். இவள் வளர வளர இதுவரை எட்டு மாற்றிவிட்டோம். சித்திரை வெயிலில் தோல் சிவந்து புண்ணானபோது, பருத்தி உறையைத் தினம் இரண்டு முறை மாற்றச் சொல்லி, உரசிய இடத்தை மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேய்த்துக் கொடுத்தீர்கள்.

இடது செருப்புக்கு அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்தித் தைத்து, காசு வாங்க மறுத்த பேருந்து நிலையத்துப் பெரியவருக்கும், அவளைத் தனியாக உட்கார வைக்காமல், "கவசத்த தொட்டுப் பாருங்க, ஆனா தள்ளிவிடாதீங்க" என்று மற்றப் பிள்ளைகளுக்குப் பழக்கிய அங்கன்வாடி அக்காவுக்கும் நன்றி.

இன்னும் வருடங்கள் இருக்கின்றன. முறியவே முறியாது என்று யாரும் எங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அண்ணா, அடுத்த மாதம் ஒன்பதாவதுக்கு அச்செடுக்க வருகிறோம். இந்த முறை அழமாட்டாளாம். ஊதா நிறம் வேண்டுமாம், பட்டை மட்டும் மஞ்சள்.