எனக்காக நம்பியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஆண்டவர் இயேசுவில் பேரன்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், அருட்சகோதரிகளுக்கும், அக்கம்பக்கத்தாராய்க் கூடிச் செபிக்கும் நம் அன்பியக் குடும்பங்களுக்கும், நம் கடற்கரை ஊர்களின் உறவுகளுக்கும், வேறு சமயத்தவராயிருந்தும் எங்களைத் தம் வீட்டாராகவே எண்ணிய நல்லவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

2017 ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் என் கணவர் கடலில் காணாமற்போய், வருகின்ற நவம்பர் 30 ஆம் நாளுடன் ஏழு ஆண்டுகள் நிறைவடைகின்றன. அன்று மாலை நம் ஆலயத்தில் அவருக்காகவும் அவரோடு ஒரே படகில் இருந்தவர்களுக்காகவும் நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படவிருக்கிறது. அதற்கு முன்பாக, இந்த ஆண்டுகளில் என்னையும் என் இரு பிள்ளைகளையும் என் மாமியாரையும் தாங்கி நின்றவர்களுக்கு, வீடு வீடாகப் படியேறிச் சொல்ல வேண்டிய நன்றியை எல்லாரும் அறிய எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். எங்கள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டீர்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நாங்கள் கேட்குமுன்பே செலுத்தினீர்கள். அவை சிறிய உதவிகள் அல்ல. ஆயினும் இம்மடலில் நான் முதன்மையாக நன்றி கூற விழைவது வேறொன்றுக்காக: கடவுளை நம்ப என்னால் முடியாதிருந்த நாள்களில் நீங்கள் எனக்காக நம்பினீர்கள்.

அந்த நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள் என்பதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வலை வீசிப் பிழைத்த ஒரு திருத்தூதரின் நாளிலேயே நம் கடற்கரை இத்தனை பேரைப் பறிகொடுத்தது எனக்கு நெடுங்காலம் ஆறாத கேள்வியாக இருந்தது. எச்சரிக்கை வருமுன்பே, பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கு கடலுக்குப் போய்விட்டவர்களுக்குச் செய்தியைக் கொண்டு சேர்க்க அன்று வழியிருக்கவில்லை. படகுகளிலிருந்த வயர்லெஸ் கருவிகள் எட்டும் தொலைவைத் தாண்டி அவர்கள் இருந்தார்கள். அப்போது, கடல் முழுவதும் அடங்குமுன்பே, தம் சொந்தப் படகுகளில் தம் கைப்பணத்தில் டீசல் நிரப்பிக்கொண்டு தேடிப் போன நம் ஊர்ச் சகோதரர்களுக்கு என் முதல் நன்றி. என் கணவரை உங்களால் கொண்டுவர முடியவில்லை; ஆனால் அவரைத் தேட ஆளில்லை என்று நான் எண்ணி ஏங்கும்படி நீங்கள் விடவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் கைக்குழந்தைகளோடும் செபமாலைகளோடும் இரவு வரை தண்டவாளத்தில் அமர்ந்து எங்களுக்காகக் குரல் கொடுத்த அனைவருக்கும் அதே நன்றி உரியது.

உடல் கிடைக்காத சாவு எப்படிப்பட்டது என்பதைக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அடக்கம் இல்லை, ஆகவே அழுது முடிப்பதற்கான நாளும் இல்லை. ஏழாண்டுகள் செய்தி எதுவும் இல்லாதிருந்தால்தான் ஒருவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொது விதி. காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கும் ரூபாய் 20 லட்சம் நிவாரணம் உண்டு என்று அரசு அறிவித்த பிறகும், அதற்கான தாள்களில் “இறந்தவர்” என்னும் இடத்தில் கையொப்பமிட என் மாமியார் மறுத்துவிட்டார். எங்கேனும் ஒரு தீவில், ஏதேனும் ஒரு கப்பலில் தம் மகன் இருக்கிறான் என்று அவர் நம்பினார். ஒவ்வோர் இரவும் அவனுக்கென்று ஒரு பங்கு சோறு எடுத்து மூடி வைத்தார். விடிந்ததும் அதில் தண்ணீர் ஊற்றித் தாமே உண்டார். அவரை அவசரப்படுத்தாமல், திட்டாமல், பலமுறை வீட்டுக்கே வந்து அமர்ந்து, அவர் சம்மதிக்கும் வரை பொறுத்திருந்த அந்த வழக்கறிஞர் தம்பி இசுலாமியர். எங்களிடம் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. தம்பி, உங்கள் பெயரை எழுதக் கூடாது என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் எழுதாமல் விடுகிறேன். எங்கள் வீட்டு மாலைச் செபத்தில் அது நாள்தோறும் சொல்லப்படுகிறது.

அந்த முதல் ஆண்டில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலர். அவர்களுள் சிலர், எங்கள் குடும்பத்தில் அறிக்கையிடப்படாத பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் இந்தச் சோதனை என்று என் பிள்ளைகளின் முன்னிலையிலேயே சொன்னார்கள். வேறு சிலர், கடவுள் நல்லவர்களை முதலில் அழைத்துக்கொள்கிறார் என்றார்கள். இருசாராரும் அன்பினால்தான் வந்தார்கள் என்பதை நான் ஐயுறவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு, அத்தகைய கடவுளிடம் பேச எனக்கு ஒரு சொல்லும் எஞ்சியிருக்கவில்லை.

அப்போது நம் பங்கில் இருந்த தந்தை அவர்கள் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். வந்தார்கள்; திண்ணையில் அமர்ந்தார்கள்; என் மாமியார் கொடுத்த கட்டன் காப்பியைக் குடித்தார்கள்; பெரும்பாலும் ஒன்றும் பேசாமலே எழுந்து போனார்கள். பின்னாளில், எல்லாம் இழந்து துன்புற்ற யோபைப் பற்றிய விவிலியத்தின் யோபு நூலை முழுமையாக வாசித்தபோதுதான் அந்த மௌனத்தின் அருமையை உணர்ந்தேன். யோபின் நண்பர் மூவரும் முதலில் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. விளக்கம் கூறத் தொடங்கிய பிறகே அவர்கள் அவருக்குச் சுமையானார்கள். இறுதியில் ஆண்டவரின் சினம் மூண்டது அந்த நண்பர்கள்மீதே. கடவுளிடமே வழக்காடிய யோபைத் தம் ஊழியன் என்றே அவர் அழைத்தார். ஒருநாள் நான் தந்தையிடம், “என்னால் செபிக்க முடியவில்லை, கோயிலுக்கு வந்தால் கோபம்தான் வருகிறது” என்று சொல்லிவிட்டேன். அவர்கள் அதிர்ச்சி அடையவில்லை. 88 ஆம் திருப்பாடலை எடுத்துக் கொடுத்து, “இது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அம்மா; இதையும் திருச்சபை செபமாகத்தான் வைத்திருக்கிறது. நீங்கள் கோபத்தோடே வாருங்கள். மற்றதை நாங்கள் செபித்துக்கொள்கிறோம்” என்றார்கள். அந்த அனுமதி கிடைத்திராவிட்டால் நான் ஆலயத்தின் வாசலை மீண்டும் மிதித்திருக்க மாட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தச் சொல்லைக் காத்தவர்கள் எங்கள் அன்பியத்துப் பெண்கள். காலையில் மீன் சுமந்து சந்தைக்குப் போய், பகலெல்லாம் வெயிலில் நின்று, மாலையில் வீடு திரும்பும் அவர்கள், குளித்து உடைமாற்றியதும் என் வீட்டு முன்னறையில் கூடிச் செபமாலை சொன்னார்கள். ஒவ்வொருவரும் ஒரு பத்து மணியைத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் முறை வந்தபோது என் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா என்னை ஏறிட்டும் பாராமல், தன் முறைதான் என்பதுபோல “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று தொடங்கினார். மறுநாளும் அப்படியே. ஒருவரும் காரணம் கேட்கவில்லை, ஒருவரும் “நீயே சொல், மனம் இலேசாகும்” என்று வற்புறுத்தவில்லை. என் இடத்தை எடுத்துவிடவும் இல்லை. வட்டத்தில் என் முறை எங்கே வருமோ அங்கே ஒரு மூச்சளவு நிறுத்தி, நான் தொடங்கவில்லை என்று கண்ட பிறகே அந்த அக்கா தொடங்கினார். தவக்காலமும் பாஸ்காவும் கடந்து, மழைக்காலத்தில் ஒருநாள் மின்சாரம் போன இருட்டில், அந்த இடைவெளியில் என் குரல் தானாக எழுந்தது. அவர்கள் அதையும் ஒரு செய்தியாக்கவில்லை. “புனித மரியே, இறைவனின் தாயே” என்று வழக்கம்போல மறுமொழி சொன்னார்கள். சகோதரிகளே, அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு என்னால் ஈடு செலுத்த முடியாது.

முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கியதை மாற்கு தம் நற்செய்தியில் எழுதுகிறார். கட்டிலில் கிடந்தவர் எதையாவது நம்பினாரா, எதையாவது கேட்டாரா என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. இயேசு கண்டது அவர்களுடைய நம்பிக்கையை. துன்பத்தில் உறுதியாய் நிலைத்திருந்தவள் என்று என்னைப் பற்றி ஆலயத்தில் சிலர் பேசுவதைக் கேட்கும்போது, இந்தப் பகுதியைத்தான் அவர்களுக்கு வாசித்துக் காட்ட விரும்புகிறேன். நிலைத்திருந்தவர்கள் நீங்கள்.

என் மனத்தில் நெருக்கமாகப் பதிந்த ஒருவரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712 இல் பிறந்த நீலகண்டன், கால்நடையும் விளைச்சலும் அழிந்து மனம் சோர்ந்திருந்த வேளையில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர் மன்னரின் படைத்தலைவரான டிலனாய் அவருக்கு யோபின் வரலாற்றை எடுத்துச் சொன்னார் என்பதும், அவர் 1745 இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார் என்பதும், 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதும் நம் மாவட்டத்துச் சிறுவர்களும் அறிந்தவை. 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது நாம் எல்லாரும் ஆலய வளாகத்தில் திரையின் முன் கூடியிருந்தோம். அன்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளை. கணவர் கொல்லப்பட்ட பிறகு அவர் வடக்கன்குளத்தில் தம் எஞ்சிய நாள்களைக் கழித்தார். அவரைப் பற்றி எழுதப்பட்டிருப்பது மிகக் குறைவு. அவருக்கு இருக்க இடம் கொடுத்தவர்கள், அவர் அழுதபோது அருகில் இருந்தவர்கள் அந்த ஊரில் இருந்திருக்கவே வேண்டும். அவர்களுடைய பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. என்னைத் தாங்கியவர்களைப் பற்றி நான் எழுத முனைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்லறைத் திருநாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நவம்பர் 2 அன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது, ஏற்ற இடமின்றி நானும் பிள்ளைகளும் நின்றோம். அடுத்த ஆண்டு அந்நாள் வருமுன்பே, கல்லறைத் தோட்டத்தின் கடலைப் பார்த்த மதில் ஓரத்தில் பங்குப் பேரவையினர் ஓர் இடத்தைச் செப்பனிட்டு, வெண்மணல் பரப்பி, ஒரு சிலுவையை நிறுத்தி, கடலிலிருந்து திரும்பாத நம் ஊர்க்காரர் அனைவரின் பெயர்களையும் அதன் அடியில் பொறித்திருந்தார்கள். என் மாமியார் தம் மகனின் பெயரை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர்; எந்த எழுத்து எது என்று என் மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். அன்றிரவு அவர் சோறு எடுத்து வைக்கவில்லை. அந்தத் தாள்களில் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் பதித்ததும் அந்த வாரத்தில்தான்.

கணவர் இருந்தபோது பாதியில் நின்றுபோன என் ஆசிரியர் பயிற்சியை முடிக்கச் சொல்லி, விண்ணப்பத்தைத் தாமே எழுதி, தேர்வு நாள்களில் என் மகனைத் தம் விடுதியில் வைத்துப் பார்த்துக்கொண்ட அருட்சகோதரி அவர்களுக்கும், எனக்குத் தமிழாசிரியர் பணி தந்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எதற்கும் என்னை இன்றுவரை அழைக்காத இந்து சமயத்தவரான எங்கள் தலைமையாசிரியை அவர்களுக்கும் நன்றி.

நான் இன்றும் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டவள் அல்லள். அந்திரேயாவின் திருநாளில் அந்தப் புயல் ஏன் வந்தது என்று என் மகன் கேட்டால், எனக்குத் தெரியாது என்றே சொல்கிறேன். நீயே ஆண்டவரிடம் கேள், கோபம் வந்தால் கோபத்தோடே கேள் என்கிறேன். அதைச் சொல்லவும், சொல்லிவிட்டு அவனோடு முழந்தாளிட்டுச் செபிக்கவும் என்னால் முடிகிறது.

திருப்பலிக் கருத்துகளைப் பொறுத்து ஒரு வேண்டுகோளைத் தந்தை அவர்களின் முன் வைக்கிறேன். ஒக்கிப் புயலில் நம் படகுகளில் வேலை செய்த வெளி மாநிலத்துத் தொழிலாளர்களும் மாண்டுபோனார்கள். அவர்களுடைய வீட்டார் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். என் கணவரின் பெயர் வாசிக்கப்படும்போது அவர்களையும் சேர்த்து நினைவுகூர வேண்டுகிறேன். வருகிறவர்கள் அனைவருக்கும் திருப்பலிக்குப் பின் எங்கள் வீட்டில் இரவு உணவு உண்டு. சமைப்பது வழக்கம்போல அன்பியத்துப் பெண்கள்தான்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் அன்பியச் சகோதரி