அந்தக் கடைக்குப் போகாதே

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. அண்ணாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். அக்காவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான். விசாலம் டீச்சரைப் பார்த்தேன். இன்னமும் உன்னை "அந்த இரண்டாம் வரிசைக்காரி" என்றுதான் விசாரிக்கிறார். மற்ற விசேஷங்களைப் பிறகு எழுதுகிறேன். இப்போது சொல்ல வந்தது அவசரமான ஒன்று.

நீங்கள் இருவரும் பாங்காக் போகிறீர்கள் என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன். அடுத்த வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். "நீ நீலக்கல் வாங்கினாயே, அந்தக் கடையின் முகவரியை அனுப்பு. சித்ராவுக்கும் ஒரு ஜோடி வாங்கிவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

வசந்தி, அந்தக் கடைக்குப் போகாதே. நான் உன்னிடம் சொன்னது பொய். நல்ல விலைக்குக் கிடைத்தது என்றேன், கல் லாக்கரில் இருக்கிறது என்றேன். நீ மூன்று முறை காட்டச் சொன்னாய், மூன்று முறையும் பேச்சை மாற்றினேன். நான் இத்தனை மாதமாக உனக்குச் சரியாகக் கடிதம் எழுதாததற்கும் அதுதான் காரணம். அந்தக் கற்களுக்குத் தாய்லாந்துப் பணத்தில் 48,000 பாட் கொடுத்தேன். இங்கு வந்து மதிப்பிடுபவரிடம் காட்டியபோது, உண்மையான நீலக்கல்தான், ஆனால் மிகத் தாழ்ந்த தரம், கொடுத்த பணத்தில் எட்டில் ஒரு பங்கு கூடப் பெறாது என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு இது தெரியாது. என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் வங்கியிலிருந்து அட்டைக் கணக்கு வந்த பிறகு.

நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். நீ அதைப் படித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

அன்று காலை அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு விடுதியிலேயே தங்கிவிட்டாள். நான் தனியாகப் படகில் போய் தா சாங் துறையில் இறங்கி, பாங்காக்கின் பெரிய அரண்மனை மதில் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். ஒருவர் எதிரே வந்தார். வயது ஐம்பதுக்கு மேல், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பள்ளி ஆசிரியர் என்றார். நானும் அதே தொழிலில் இருந்தவள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. பத்து நிமிடம் பாடத்திட்டம், பிள்ளைகள், ஓய்வூதியம் என்று பேசினோம். எதையும் விற்கவில்லை, எதையும் கேட்கவில்லை. பிரியும்போதுதான் சொன்னார்: "அரண்மனைக்கா போகிறீர்கள்? காலையில் பிக்குகளின் சடங்கு நடக்கிறது. ஒரு மணிக்குத்தான் வெளிநாட்டவரை விடுவார்கள்." என் வருத்தத்தைப் பார்த்து, ஒரு தாளில் இரண்டு கோயில்களை வட்டமிட்டுக் கொடுத்தார். அவரே ஒரு துக்துக் ஆட்டோவை நிறுத்தி, எல்லா இடத்துக்கும் சேர்த்து 20 பாட் என்று பேசி ஏற்றிவிட்டார். கையசைத்து வழியனுப்பினார்.

முதலில் போனது வாட் இந்தாரவிஹான். அங்கே நிற்கும் புத்தர் 32 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது, அதை மறுக்க மாட்டேன். பொய் சொல்லி அழைத்துப்போகிறவர்கள் முதலில் ஒரு நல்ல காட்சியைத்தான் காட்டுகிறார்கள், வசந்தி. அதைப் பார்த்த மகிழ்ச்சியிலேயே நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்களாகிவிடுகிறோம்.

அடுத்தது ஒரு சிறிய கோயில். கோட்டு அணிந்த ஓர் இளைஞர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவராகப் பேசவில்லை, நான்தான் கோயிலைப் பற்றிக் கேட்டேன். பேச்சுவாக்கில், தனக்குத் திருமணம் என்றும், கல் வாங்க வந்ததாகவும், அரசாங்கம் வரிவிலக்குக் கொடுக்கும் விற்பனை இன்றோடு முடிகிறது என்றும் சொன்னார். வெளியே வந்தால் துக்துக் ஓட்டுநர் தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார். "ஒரே ஒரு கடையில் பத்து நிமிடம் நில்லுங்கள் அம்மா. வாங்க வேண்டாம். ஆள் கூட்டி வந்தால் எனக்கு எரிபொருள் கூப்பன் தருவார்கள்." இப்படி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறவரை எப்படிச் சந்தேகிப்பது? கூப்பன் விஷயம் உண்மையும்கூட. அங்கே பல கடைகள் ஆள் கொண்டுவரும் ஓட்டுநர்களுக்குக் கூப்பனோ கமிஷனோ கொடுக்கின்றன. ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றிக் காட்ட 20 பாட் எப்படிக் கட்டுப்படியாகும் என்று நான் ஏறும்போதே கேட்டிருக்க வேண்டும். மீதியை வேறு யாரோ கொடுக்கிறார்கள், அந்த யாரோ அதை என்னிடமிருந்துதான் எடுப்பார்கள்.

கடையில் குளிர்ந்த பழச்சாறு, சான்றிதழ், முத்திரையிட்ட உறை. ஊருக்குப் போகும்வரை உறையைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆசிரியர் வண்டியில் ஏற்றிவிட்டார், கோயில் இளைஞர் விற்பனையைப் பற்றிச் சொன்னார், ஓட்டுநர் கடைக்குக் கூட்டி வந்தார், கடைக்காரர் உத்தரவாதம் தருகிறார். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத நான்கு பேர் சேர்ந்து ஏமாற்ற முடியாது என்று நினைத்தேன். அவர்கள் தொடர்பில்லாதவர்கள் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அக்காவோடு மறுபடியும் அரண்மனைக்குப் போனேன். மதிலருகே ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது: அரண்மனை தினமும் திறந்திருக்கிறது, வெளியே பேச்சுக் கொடுக்கும் அந்நியரை நம்பாதீர்கள். முந்திய நாள் நான் அந்த வாசல் வரைக்கும் வரவே இல்லை, வசந்தி. நூறு அடி முன்னாலேயே திருப்பிவிட்டார்கள். உள்ளே மரகத புத்தர் முன்னால் நின்றேன். 66 சென்டிமீட்டர் உயரம்தான். பெயர்தான் மரகதம், செதுக்கியது வேறொரு பச்சைக் கல்லில். அதை யாரும் மறைக்கவில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமும் இல்லை. அங்கேதான் எனக்கு உறைத்தது, விடுதிக்கு ஓடிப்போய் உறையைப் பிரித்தேன்.

அப்போதே ஏதாவது செய்திருக்கலாம். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீசுக்கு 1155 என்று தனி எண் இருக்கிறது. அது விடுதி வரவேற்பறைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. இரண்டு முறை அதன் அருகே போய்த் திரும்பினேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவள் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்ற கூச்சம். பணம் போனதைவிட அந்தக் கூச்சம்தான் இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது.

விக்டர் லுஸ்டிக் என்பவன் கதையை இவர் எனக்குச் சொன்னார். 1925-இல் பாரிஸில் அரசாங்க அதிகாரியாக நடித்து, ஈபிள் கோபுரத்தைப் பிரித்துப் பழைய இரும்பாக விற்கப்போகிறார்கள் என்று வியாபாரிகளை நம்பவைத்தான். ஒருவரிடம் பணத்தைக் கறந்துகொண்டு ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டான். அங்கிருந்து பத்திரிகைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான், செய்தி வரவே இல்லை. ஏமாந்தவர் வெட்கப்பட்டுப் போலீசுக்குப் போகவில்லை. அதனால் லுஸ்டிக் திரும்பி வந்து அதே கோபுரத்தை இன்னொரு முறை விற்கப் பார்த்தான். உன் கடிதத்தைப் படித்தபோது இந்தக் கதைதான் என் முன்னால் வந்து நின்றது. என் வெட்கத்தால் அந்தக் கடைக்குப் போக இருந்த இரண்டாவது ஆள் நீ.

கடையின் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு அடுத்த கடைக்குள் நம்பிக்கையோடு நுழைவாய், உன்னை எனக்குத் தெரியாதா?

இவர் என்னை விடாமல் ஏப்ரலில் இஸ்தான்புல்லுக்கு அழைத்துப்போனார். போக மாட்டேன் என்று அடம்பிடித்தேன், பிறகு அவர் முகத்துக்காகப் போனேன். சுல்தானஹ்மெத் பகுதியில் எங்கள் முன்னால் நடந்துபோன காலணி மெருகுபோடுபவரின் பிரஷ் கீழே விழுந்தது. இவர் எடுத்துக் கொடுக்கக் குனிந்தார். நன்றிக்கடனாக ஓசியில் மெருகு போடுவதாகச் சொல்லி, வேலை முடிந்ததும் நோயாளிக் குழந்தையின் கதை சொல்லிப் பணம் கேட்பது அங்கே பழக்கமான வித்தை. தானாக விழுவது போலவே விழ வைக்கிறார்கள், அதைப் பார்த்தால் நீகூட ஓடிப்போய் எடுப்பாய். நான் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

நீல மசூதி வாசலில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. ஒருவர் அருகில் வந்து, "இப்போது தொழுகை நேரம், பார்வையாளர்களை விடமாட்டார்கள்" என்றார். எனக்குப் பாங்காக் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை! தொழுகை வேளைகளில் அங்கே பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. அடுத்து வந்தது, "அதுவரை என் அண்ணன் கடையில் தேநீர் குடிக்கலாம், கம்பளம் வாங்க வேண்டியதில்லை." அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்று நடுத்தெருவில் நின்று ஆராய்ச்சி செய்ய நம்மால் முடியாது. செய்யவும் வேண்டாம். என் கால் போகிற திசையை அவர் மாற்றப் பார்க்கிறாரா, அதை மட்டும் கவனித்தால் போதும். "நன்றி, வாசல் வரை போய்ப் பார்க்கிறேன்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு நடந்தேன். வாசலில் அறிவிப்புப் பலகை இருந்தது. படித்தேன், காத்திருந்தேன், உள்ளே போனேன். அவர் கோபிக்கவும் இல்லை.

யோசித்துப் பார். பாங்காக்கில் அரண்மனை மூடியிருக்கிறது என்பார்கள். மொராக்கோவின் பழைய நகரச் சந்துகளில் இந்த வழி அடைபட்டிருக்கிறது என்பார்கள். பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஆங்கிலம் பழக வேண்டும் என்று மாணவிகளைப் போல வந்து பேசித் தேநீர் விருந்துக்கு அழைப்பார்கள், பில் வரும்போது தலை சுற்றும். எல்லாவற்றிலும் நீ கிளம்பிய இடம் ஒன்று, போய்ச் சேரும் இடம் வேறொன்று.

இதற்காக யாரிடமும் பேசாதே என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன். ரயில் பெட்டியில் ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் எதிர் இருக்கைக்காரரின் குடும்ப வரலாற்றைக் கேட்டு வாங்குகிறவள் நீ. பேசாமல் இருந்தால் உனக்குக் காய்ச்சல் வந்துவிடும். நீயாகப் போய்ப் பேசு. இஸ்தான்புல்லில் நாங்கள் வழி தவறியபோது, காய்கறிப் பையோடு நின்ற ஓர் அம்மாளை நானே தேர்ந்தெடுத்துக் கேட்டேன். எங்களோடு டிராம் நிறுத்தம் வரை நடந்துவந்து, பயண அட்டையைக் கருவியில் எப்படி வைப்பது என்று காட்டிவிட்டுப் போனார். நாம் தேடிப்போய்க் கேட்கும் ஆள் ஏமாற்றுக்காரராக இருப்பது அபூர்வம். தெருவில் போகிற அத்தனை பேரில் நம்மைத் தேர்ந்தெடுத்து வருகிறவர் விஷயத்தில்தான் கவனம் வேண்டும்.

பாரிஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மே மாதம் மகனிடம் போகிறாயே. சக்ரே கேர் தேவாலயப் படிகளில் விரலில் நூல் சுற்றிவிட்டுப் பணம் கேட்க வருவார்கள். கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறு. சேன் நதிக்கரையில் யாராவது தங்க மோதிரத்தைக் கீழேயிருந்து எடுத்து, உங்களுடையதா என்று நீட்டினால், அது பித்தளை, நிற்காமல் போ. அண்ணாவிடமும் சொல், அவர்தான் நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பாங்காக் அரண்மனைக்கு மட்டும் நேராக வாசலுக்கே போ. காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், தோளும் முழங்காலும் மறைய உடுத்திக்கொள், நுழைவுச் சீட்டு 500 பாட். வழியில் ஒரு நல்ல ஆசிரியர் எதிரே வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு நட.

இந்தக் கடிதத்தை அண்ணாவுக்கும் சித்ராவுக்கும் படித்துக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் நானே சொல்லிவிடுகிறேன், அதுவரை நீ அவளைக் கூப்பிடாதே. அடுத்த முறை வரும்போது கற்களைக் காட்டுகிறேன். நீ நான்காம் முறை கேட்கும் முன்பே எடுத்து வைத்துவிடுவேன்.

உன்,
ராஜி