கார் விளம்பரத்தின் நட்சத்திரக் குறி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆயுத பூஜை நெருங்கினால் தங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் முழுப்பக்கக் கார் விளம்பரம்தான். ‘ரூ.1.20 லட்சம் வரை சேமிப்பு’ என்று கொட்டை எழுத்து, அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. நிபந்தனையைத் தேடினால் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருக்கிறது. விளம்பர வாசகம் எந்த மொழியிலோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனிலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. தங்கள் விளம்பரப் பிரிவு இதை வலியுறுத்தினாலே பாதி குழப்பம் தீரும்.

அந்த 1.20 லட்சத்தில் ரொக்கத் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் தள்ளுபடி, லாயல்டி போனஸ் எல்லாம் கூட்டிச் சேர்ந்திருக்கும். பழைய காரும் அதே கம்பெனியாக இருந்து, வேலை பார்க்கும் நிறுவனமும் பட்டியலில் இருந்து, கேட்கும் வேரியன்ட்டும் தேங்கிய சரக்காக இருந்தால்தான் முழுத்தொகை. மற்றவர்களுக்கு ரொக்கத் தள்ளுபடியோடு சரி. எக்ஸ்சேஞ்ச் போனஸைக் கையில் கொடுத்து, பழைய காரின் விலையில் அதே தொகையைக் கழித்துவிடுவதும் உண்டு. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுக்கொண்டு போங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது, அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலர் என்றால் படிவம் 29சி (வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது) பதிவாகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாளை வரும் அபராதமெல்லாம் உங்கள் பெயருக்கே வரும்.

விற்பனைப் பிரதிநிதி வாய் திறக்காத கணக்கு ஒன்று உண்டு. தமிழகத்தில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். ‘இன்னும் பத்தாயிரம் போட்டால் அடுத்த மாடல் சார்’ என்று 9.95 லட்சத்திலிருந்து 10.05 லட்சத்துக்கு ஏற்றிவிடுவார். வரி ரூ.1,29,350-லிருந்து ரூ.1,80,900 ஆகிவிடும். 10 லட்சத்தைத் தாண்டியதால் விற்பவரே வசூலித்துக் கட்டும் 1 சதவீத வருமான வரியான டிசிஎஸ் வேறு. அதை மட்டும் வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆக, பத்தாயிரம் வித்தியாசத்துக்குக் கூடுதல் ஆயுள் வரி மட்டும் ரூ.51,550. ஆயுள் வரியும் காப்பீடும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் பேசுவதன் சூட்சுமம் இதுதான்.

ஆன்ரோடு கொட்டேஷனில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’, ‘எசென்ஷியல் கிட்’, ‘டெஃப்ளான் கோட்டிங்’ என்று வருபவை கட்டாயமல்ல, அடித்துவிடச் சொல்லலாம். புதிய காருக்கு மூன்றாண்டு தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான) காப்பீடு கட்டாயம், சொந்தச் சேதத்துக்கு ஓராண்டு எடுத்தால் போதும். டீலரிடமே எடுக்க வேண்டும் என்று நிர்ப்பந்திக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதிகளில் இடமில்லை. ‘வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது’ (நாம் பணம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே பழுதுபார்ப்புச் செலவை நேரடியாகக் கட்டும் வசதி) என்பது வெறும் மிரட்டல். அந்த ஒர்க்‌ஷாப் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதே கேள்வி. பிரீமியத்தை ஒப்பிடும்போது ஐடிவி-யையும் (காப்பீட்டில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு) ஆட்-ஆன்களையும் (கூடுதல் காப்பீட்டு அம்சங்கள்) சமமாக வைத்துப் பாருங்கள். ஐடிவி-யைக் குறைத்தால் யாரும் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டலாம்.

கடனில் ‘வெறும் 6 சதவீதம்’ என்றால் ஃபிளாட்டா (கடைசி வரை முழுக் கடன் தொகைக்கும் வட்டி), ரெட்யூசிங்கா (குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 8 லட்சத்துக்கு 5 ஆண்டு, 6 சதவீத ஃபிளாட் வட்டி ரூ.2.40 லட்சம், மாதத் தவணை ரூ.17,333. குறையும் நிலுவை முறையில் இது சுமார் 10.8 சதவீதம்! ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2024 அக்டோபர் முதல் கடன்தாரருக்குத் தர வேண்டிய முக்கிய விவரத் தாளில் செயலாக்கக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் இருக்கும். கையெழுத்துக்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.

ஆடித் தள்ளுபடி, டிசம்பர் தள்ளுபடி எதுவானாலும் வண்டி எந்த மாதம் தயாரானது என்று எழுத்தில் கேளுங்கள். ஜனவரியில் பதிவு செய்தாலும் ஆர்.சி.யில் போன வருடத் தயாரிப்பு என்றிருந்தால், விற்கும்போது விலை இறங்கும். சேஸிஸ் எண், டயரில் உள்ள நான்கு இலக்க வாரம்-ஆண்டுக் குறி, ஓடோமீட்டர் மூன்றையும் யார்டிலேயே சரிபார்த்து, பிறகு பதிவுக்குச் சம்மதியுங்கள். நம்பர் விழுந்த வண்டியை வேண்டாம் என்று சொல்வது லேசில்லை. புக்கிங் பணத்தைத் திருப்பித் தர இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

– வாகனத் துறை வாசகர்,
கோவை.